திரைமூலைச் சிறுபடமும் வழியறிதலின் வரலாறும்: உடுநுவரையை முன்வைத்து ஒரு நோக்கு

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடப்பெறும் விளையாட்டுகளுள் 'திறந்த உலகம்' எனப்படும் வகை இன்று பெருவழக்குற்றுள்ளது. ஒரு நகரையோ நாட்டையோ முழுமையாக அமைத்து, ஆடுபவரை அதனுள் விரும்பிய திசையிற் செல்லவிடுவது இவ்வகையின் இயல்பு. ஆயின் அவ்வுரிமையைப் பெற்றவரின் கண்கள் பெரும்பாலும் அவ்வுலகின்மீது பதிவதில்லை. திரையின் ஒரு மூலையில் வட்டமாகவோ சதுரமாகவோ தோன்றும் சிறிய தேசப்படத்திலேயே அவை நிலைத்து நிற்கின்றன. 'மினிமேப்' என்று வழங்கும் இச்சிறுபடத்தைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்கிவிடாது, மனிதர் வழியறிந்த முறைகளின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. கெலிஓயாவும் அதனைச் சூழ்ந்த உடுநுவரைப் பகுதியும் இவ்வாய்வுக்கு மிகவும் பொருத்தமான களமாக அமைகின்றன. ஏன் என்பது பின்னர்ப் புலனாகும்.

சிறுபடத்தின் தோற்றம் பழையதன்று. 1980இல் ஜப்பானிய நிறுவனமான நம்கோ வெளியிட்ட 'ரலி-எக்ஸ்' என்னும் மோட்டார் விளையாட்டில், திரையின் ஒரு புறத்தே ஆடுகளப் பரப்பு முழுவதையும் சுருக்கிக் காட்டும் 'ரேடார்' இடம்பெற்றது. ஆடுபவரின் வாகனமும் பகைவரின் வாகனங்களும் அடையவேண்டிய கொடிகளும் அதிற் புள்ளிகளாகத் தோன்றின. 2001இல் வெளியான 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ III' இப்படத்தை வட்டமாக்கிச் சுழலவைத்தது. இங்குதான் வரலாற்று முக்கியத்துவமுடைய ஒரு மாற்றம் நிகழ்கின்றது. தாளில் அச்சிட்ட தேசப்படத்தில் மேற்புறம் வடக்கு. அதனை நோக்குபவர் தாம் எங்கே நிற்கிறோம் என்பதைத் தாமே தேடிக் காணவேண்டும். சுழலும் சிறுபடத்திலோ ஆடுபவரே எப்பொழுதும் நடுவில் நிற்கிறார். அவர் திரும்பினால் உலகமே திரும்புகின்றது. தம் இருப்பிடத்தைத் தேடும் உழைப்பு அவரிடமிருந்து நீங்கிவிடுகின்றது.

இதன் விளைவை ஒரே நிறுவனத்தின் இரு படைப்புகளிற் காணலாம். 2002இல் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'மொறோவிண்ட்' என்னும் விளையாட்டிற் சிறுபடம் இருந்தது. ஆயின் அது சேருமிடத்தைப் பெரும்பாலும் சுட்டவில்லை. ஊரவரிடம் கேட்டு, 'ஆற்றைக் கடந்து மேற்கே சென்றால் ஒரு பாறை வரும்' என்ற பாங்கிலான விடையை நினைவிற்கொண்டே செல்லவேண்டும். 2006இல் அதே நிறுவனத்தின் 'ஒப்லிவியன்' திசைகாட்டிப் பட்டியொன்றில் அம்புக்குறியை வைத்தது. கேட்கும் தேவை ஒழிந்தது. ஊரவரின் பேச்சு வழிகாட்டும் தொழிலை இழந்து அலங்காரமாயிற்று.

கேட்டறிந்து செல்வதற்கும் காட்டியபடி செல்வதற்கும் உள்ள இவ்வேறுபாடு உடுநுவரை மண்ணில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உயிர்ப்பிரச்சினையாக இருந்தது.

கண்டி மன்னர்கள் வழியை அரசின் மறைபொருளாகப் பேணினர். அகன்ற பாதைகள் அமைவதை அவர்கள் விரும்பவில்லை. காடும் மலையும் ஆறும் அரணாகும் என்னும் கோட்பாடு தமிழ் வாசகருக்குப் புதியதன்று. திருக்குறளின் அரண் அதிகாரம் அதனையே பேசுகின்றது. ஒற்றையடிப் பாதைகளின் குறுக்கே முட்கதவுகள் இடப்பட்டுக் காவலர் நிறுத்தப்பட்டனர். 1660இல் கொட்டியாரக் கரையிற் சிறைப்பட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்நாட்டிற் கழித்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இக்காவல்முறையை விரிவாக விளக்கியுள்ளார். கடவையைத் தாண்டுவதற்கான அனுமதி களிமண்ணிற் பதித்த முத்திரையாக வழங்கப்பட்டது. படைவீரனுக்கு ஈட்டி தாங்கிய உருவம். கூலியாளுக்குக் காவடித்தண்டிற் சுமை தூக்கிய உருவம். வெள்ளையனுக்குத் தொப்பியும் வாளும் உடைய உருவம். கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை பதிவுகள். இன்றைய திரைச் சிறுபடங்களில் ஆளையும் பகையையும் கடையையும் குறிக்கும் சின்னங்களைக் காணும்போது இக்களிமண் உருவங்களை நினையாதிருத்தல் அரிது. மனிதனை அவனது தொழிலாகச் சுருக்கிக் காட்டும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று.

நொக்ஸ் இறுதியாக வாழ்ந்த ஊர் உடுநுவரையிலுள்ள ஏலதெத்த. அவரிடம் தேசப்படம் இருக்கவில்லை. அவரும் தோழர் ஸ்டீபன் ரட்லண்டும் சில்லறைப் பண்டங்களைச் சுமந்து விற்பவர்களாக ஆண்டுக்கணக்கில் வடதிசை நோக்கிச் சென்று வந்தனர். வாணிகம் ஒரு போர்வையே. எந்தப் பாதை எங்கே பிரிகிறது, எவ்விடத்திற் காவல் உண்டு, எவ்விடத்தில் நீர் இல்லை என்பனவற்றைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டறிந்தனர். 1679 செப்டெம்பரிற் புறப்பட்ட இறுதிப் பயணத்தில், ஐயுற்ற அதிகாரியிடம் உலர்ந்த மானிறைச்சி வாங்க வந்ததாகக் கூறித் தப்பினர். அனுராதபுரத்தை அடைந்தபோது அங்கிருந்தோர் தமிழராக இருந்தமையால் நொக்ஸ் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை. கேட்டு வழியறியும் முறை அங்கே முறிந்தது. அதன் பின்னர் மனிதரை விட்டு ஆற்றைப் பற்றிக்கொண்டனர். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்றும் தமிழில் அருவியாறு என்றும் வழங்கும் அவ்வாறே அவர்களை அக்டோபர் மாதத்தில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குக் கொண்டுசேர்த்தது. நொக்ஸின் நூலோடு இலங்கைத் தேசப்படமொன்றும் அச்சாயிற்று. ஊராரின் வாய்மொழி அறிவு இவ்வாறு அவர்கள் கண்டிராத நகரொன்றில் விற்பனைப் பண்டமாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

பிரித்தானியர் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 1800இல் நில அளவைத் திணைக்களம் தோன்றியது. 1815இற் கண்டி வீழ்ந்தது. 1818இற் கிளர்ச்சி அடக்கப்பட்டது. தொடர்ந்த பார்ன்ஸ் ஆட்சியிற் கொழும்பு–கண்டி வீதி மலையைக் குடைந்து அமைக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலத்தையும் தரிசையும் முடிக்குரியதாகக் கருதியது. தாளிற் பதிவாகாத நிலம் யாருக்கும் உரித்தற்றதாயிற்று; கோப்பித் தோட்டங்கள் அந்நிலத்திலேயே எழுந்தன. 1874இற் பேராதனையிலிருந்து நாவலப்பிட்டிவரை இட்ட புகையிரதப் பாதை கெலிஓயாவை ஊடறுத்துச் சென்றமையும் அத்தோட்டங்களின் பொருட்டே.

அத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் வந்த வழியே இங்கு ஆழ்ந்து நோக்கற்பாலது. நொக்ஸ் வெளியேறிய மன்னார்க் கரையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு உழவர் வந்திறங்கினர். அங்கிருந்து மாத்தளைவரை நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களது வழிகாட்டி கங்காணி. வழியும் மொழியும் துரையின் பெயரும் அவனுக்கே தெரியும். அவ்வறிவே அவனது அதிகாரத்தின் ஓர் அடிப்படை. வழிச்செலவு தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறியது. கடன்பட்டவன் திரும்பிச் செல்லும் வழியை அறிந்திருந்தாலும் செல்லவியலாது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை செம்மைப்படுத்தப்பட்டது. தோட்டத்தின் பதிவெண்ணும் ஆளின் தொடரெண்ணும் பொறித்த தகரவில்லையொன்று தொழிலாளிக்கு அளிக்கப்பட்டது. 'தகர டிக்கெட்' எனப்பட்ட அதனை உடலில் அணிந்தவர், 1914இன் பின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார்க் கப்பலிலும் புகையிரதத்திலும் ஏற்றப்பட்டுக் குறித்த தோட்டத்திற் கொண்டுசேர்க்கப்பட்டார். அவர் எவரிடமும் வழி கேட்கவேண்டியதில்லை, வழிதவறவும் இயலாது. சேருமிடம் அவரது உடலிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. ஆயின் அவ்வெண்ணின் பொருளை அறிந்தவர் அவரல்லர். வழிகாட்டும் கருவி பயனாளியின் அறிவைப் பெருக்காமலே பயணத்தை முடித்துவைக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எமது வரலாற்றில் இல்லை.

விளையாட்டின் அம்புக்குறியையும் தகரவில்லையையும் ஒன்றெனக் கூறுவது மிகையாகும். பொழுதுபோக்கும் கொத்தடிமையும் ஒன்றல்ல. எனினும் இரண்டிலும் ஒரே கேள்வி எழுகின்றது: படத்தில் எது குறிக்கப்படவேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? சிறுபடத்திற் பணி உள்ள இடம் ஒளிர்கிறது. பணியில்லாத இடம் வெறுமையாகத் தோன்றுகிறது. தோட்டத்தையும் நிருவாகம் அவ்வாறே நோக்கியது. ஆலைக்கும் பங்களாவுக்கும் பெயருண்டு, லயத்துக்கு இலக்கம். பல தோட்டங்களுக்கு ஆவணத்தில் ஆங்கிலப் பெயரொன்றும் தொழிலாளர் நாவில் தமிழ்ப் பெயரொன்றும் வழங்கின. பின்னதைக் கொண்டே மக்கள் வழி கேட்டனர், பெண் கொடுத்தனர், கோயில் கட்டினர். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமையாற் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே சென்றமை மலையகத்தின் நெடுங்கால முறைப்பாடாகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பத்திரத்தாற் பிறப்பையும் பரம்பரையையும் நிறுவுமாறு கோரியபோது, தாளில் இடம்பெறாமை எத்துணைக் கொடியது என்பதை அம்மக்கள் அனுபவித்தே அறிந்தனர்.

உளவியலாளர் இவ்விடயத்தை வேறு வழியால் அணுகியுள்ளனர். மூளையின் ஹிப்போகம்பஸ் பகுதி இடஅறிவோடு தொடர்புடையது என்பது ஜோன் ஓகீஃப் முதலியோரின் ஆய்வால் நிறுவப்பட்டு, 2014இல் நோபல் பரிசும் பெற்றது. 2017இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, தாமே வழிதேடுவோரிடம் தெருக்களின் அமைப்புக்கேற்ப இப்பகுதி கிளர்வதையும், பிறிதொன்றின் கட்டளையைப் பின்பற்றுவோரிடம் அக்கிளர்ச்சி காணப்படாமையையும் காட்டியது. இதனைக்கொண்டு இளைஞரைக் குறைகூறுவது எளிது. எமக்கு அதில் உடன்பாடில்லை. வேலை முடிந்து அரைமணி நேரமே ஆடக் கிடைப்பவருக்கும், பார்வைக் குறைபாடு உடையவருக்கும் சிறுபடம் பேருதவி. கேட்டு நடந்த காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவோர் கங்காணியை மறந்துவிடுகின்றனர்.

விளையாட்டு அமைப்போரே அண்மையில் இதனை மீளச் சிந்திக்கத் தொடங்கியுள்ளனர். 2020இல் வெளியான 'கோஸ்ட் ஒஃப் சுஷிமா' சிறுபடத்தை நீக்கி, சேருமிடம் நோக்கி வீசும் காற்றை வழிகாட்டியாக்கியது. புல்லும் இலையும் சாயும் திசையே வழி. அழகிய ஏற்பாடுதான், ஆயினும் காற்றும் ஆக்கியோன் கட்டளைப்படியே வீசுகின்றது. அம்பு மறைந்ததேயன்றி அகலவில்லை. 2022இன் 'எல்டன் றிங்' மூலைப்படமின்றித் தொலைவிற் தெரியும் பெருமரத்தையும் கோபுரங்களையும் கண்ணுக்கு அடையாளமாக வைத்தது. இங்கு நிலமே பேசுகின்றது. மனிதர் பேசுவது குறைவு. இவ்வகையில் ஊரவர் வாய்மொழியை நம்பிய 'மொறோவிண்ட்' இன்றும் தனித்து நிற்கின்றது. அதன் வழிக்குறிப்புகளுட் சில தெளிவற்றவை, சில பிழையானவை என்று ஆடியோர் குறைகூறியதுண்டு. எமக்கோ அப்பிழைகளே அவ்வுலகின் மெய்ம்மைக்குச் சான்றாகப் படுகின்றன.

கெலிஓயாச் சந்தியில் ஏலதெத்தவுக்கு வழி கேட்டால், முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் ஒரு பாதையையும் அருகில் நிற்பவர் வேறொரு பாதையையும் கூறுவர். இருவரும் சிறிது நேரம் தமக்குள் வாதிடுவர். கலஹா, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில், எந்த மலைக்கும் எந்த லயத்துக்கும் என்ன பெயர் வழங்கியது என்பதை அறிந்த முதியோர் இன்னும் உளர். பல்கலைக்கழக மாணவர் ஒரு குறிப்பேட்டுடன் புறப்பட்டு அவர்களோடு அம்மலைப் பாதைகளில் நடந்தால், அப்பெயர்களை முதலிற் தாளிலும், பின்னர் எவரும் திருத்தக்கூடிய கணினித் தேசப்படங்களிலும் ஏற்றலாம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை, காலந்தான் குறைவு.