எட்டாவது பாட்டு: கரை உடைந்த கதை

இந்த எபிசோடு ஒரே ஒரு இசைத்தட்டைப் பற்றியது. லெட் செப்பலின் குழு 1971 நவம்பரில் வெளியிட்ட நாலாவது ஆல்பம். வெளி அட்டையில பேரே கிடையாது. உள்ளே எட்டுப் பாட்டு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிட்டார் கத்துக்கிற எங்களுக்கு இதை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. மாஸ்டர் அடுத்து எந்தப் பாட்டை எடுப்பார்னு ஊகிக்கிறது. ஊகிக்க வரிசையைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, விரலைப் பார்க்கணும்.

முதலில் 'ராக் அண்ட் ரோல்'. பன்னிரண்டு பார் புளூஸ், மூணே கார்ட்தான். அப்புறம் 'ஸ்டேர்வே டு ஹெவன்' தொடக்கம், ஏ மைனரில் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பழக. 'பிளாக் டாக்' தாளம் காலை வாரிவிடும், அதனால தாமதமா வரும். 'கோயிங் டு கலிஃபோர்னியா'வுக்கு மேல், கீழ் ரெண்டு கம்பியையும் டி சுருதிக்கு இறக்கணும். 'பேட்டில் ஆஃப் எவர்மோர்' மாண்டலின் பாட்டு. 'மிஸ்டி மவுண்டன் ஹாப்' எலெக்ட்ரிக் பியானோவை நம்பி நிற்குது. 'ஃபோர் ஸ்டிக்ஸ்' நம்ம நாட்டுக்கும் வந்திருக்கு: 1972-ல் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய் இசைக்கலைஞர்களோடு அதை மறுபடி பதிவு செய்தாங்க. அந்தப் பதிவு வெளியானது 2015-ல்தான்.

மிச்சம் எட்டாவது, 'வென் தி லெவீ பிரேக்ஸ்'. இதை யாருமே ஊகிக்கிறதில்லை. சுருதியை மாத்தணும், விரலில் குழாய் மாட்டி ஸ்லைடு வாசிக்கணும். போதாததுக்கு, டேப்பின் வேகத்தைக் குறைத்து வெளியிட்டதால கூடவே வாசிச்சாலும் சுருதி சேராது. ஆனா வரலாறு அதிகமா இருக்கிறது இந்தப் பாட்டில்தான்.

லெவீ என்றால் ஆத்தோரம் மண்ணைக் கொட்டி எழுப்பின கரை. 1927 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிரீன்வில் ஊருக்குப் பக்கத்தில் அந்தக் கரை உடைந்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். கரையில் மணல் மூட்டை அடுக்கினவங்களில் பெரும்பாலானவங்க கறுப்பினத் தொழிலாளர்கள். பலரைத் துப்பாக்கி முனையில் நிறுத்தித்தான் வேலை வாங்கினாங்க. வெள்ளத்துக்கு அப்புறமும் அவங்களை ஊரைவிட்டுப் போகவிடாமல் கரை மேல் முகாம்களில் வைத்திருந்தாங்க. போய்விட்டால் பருத்திக் காட்டுக்கு ஆள் இருக்காதே! தப்பினவங்க சிகாகோ மாதிரி வடக்கு நகரங்களுக்கு, ஆலை வேலைக்குக் கிளம்பினாங்க.

இரண்டு ஆண்டு கழித்து, 1929-ல், கேன்சஸ் ஜோ மெக்காயும் அவர் மனைவி மெம்பிஸ் மின்னியும் இதைப் பாட்டாக்கிப் பதிவு செய்தார்கள். பாடினவர் மெக்காய், விரலால் கிட்டாரை மீட்டினவர் மின்னி. 1971 ஆல்பத்தில் குழுவோடு சேர்த்து மின்னியின் பேர் இருக்கு. மெக்காய் பேர் இல்லை.

இந்தக் கதை நம்ம மாவட்டத்துக்குப் புதுசில்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கத்தை 1944-ல் கட்டினாங்க. இன்னிக்கும் ஷட்டரைத் திறந்தால் கீழே இருக்கிற கிராமங்களுக்கு எச்சரிக்கை போகும். ஆரணி ஆற்றோரம் இருக்கிறவங்களுக்கு 2015 மழை மறக்காது. கரையைக் காப்பாத்த ராத்திரி முழுக்க மூட்டை தூக்கிறது யாருன்னு நமக்கும் தெரியும். சிப்காட் ஷெட்டுகளில் ஒடிசா, பிகாரிலிருந்து வந்த தம்பிகள் என்னோடு வேலை பார்க்கிறாங்க. வெள்ளத்தையும் வறட்சியையும் பார்த்துட்டுக் கிளம்பினவங்க அவங்களிலும் உண்டு.

பாடத்திட்டம் எப்பவும் விரலுக்குச் சுலபமானதை முதலில் வைக்கும். அதில் தப்பில்லை. ஆனா விரலுக்குக் கஷ்டம்னு கடைசிக்குத் தள்ளும்போது, அந்தப் பாட்டுக்குள்ள இருக்கிற ஆட்களும் சேர்ந்து தள்ளப்படுறாங்க. வாசிக்க வராட்டியும் கேட்கலாமே. முதலில் 1929 பதிவு, அப்புறம் 1971. இரண்டுக்கும் நடுவில் யார் பேர் நின்றது, யார் பேர் விழுந்தது என்று கவனிங்க.

எங்க மாஸ்டர்கிட்ட கேட்டுட்டேன். ஸ்லைடு குழாய் வாங்கிட்டு வா, பார்ப்போம்னார். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.