கிள்ளானை விலகிய பாதை

புறவழிச்சாலை இன்றைய போக்குவரத்து நெரிசலுக்கான பரிகாரமெனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. மலேசியாவின் கிள்ளான் நகர வரலாறோ அதற்கு நீண்டதொரு முன்கதை உண்டென உணர்த்துகின்றது.

1890இல் கோலாலம்பூர்ப் புகையிரதப் பாதை கிள்ளான் நகரை அடைந்தது. எனினும் ஆற்றுத்துறை பெருங்கப்பல்களுக்கு ஏற்றதாயிருக்கவில்லை. எனவே 1901இல் ஆற்றின் கழிமுகத்தருகே சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. வாணிபம் நகரை முதன்முதலில் விலகிச் சென்றது அப்போதே எனலாம். அவ்வாண்டே மலேரியா புதுத்துறையை முடக்கியது. சதுப்பு நீரை வடித்தகற்றியே அது மீட்கப்பட்டது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலர் மலாயாவில் கரையிறங்கிய வாயில்களுள் அதுவும் ஒன்றாயிற்று.

1972இல் அது கிள்ளான் துறைமுகமெனப் பெயர் மாற்றம் பெற்றது. அப்பத்தாண்டில் கொள்கலன்கள் வரத்தொடங்கின. அவற்றைச் சுமக்கும் கனரக லொறிகளைப் பழைய நகர வீதிகள் தாங்கா. ஆதலின் புக்கிட் ராஜாவிலிருந்து வடதுறைமுகம் வரை, நகரைத் தவிர்த்துச் செல்லும் வட கிள்ளான் நீரிணைப் புறவழிச்சாலை அமைந்தது.

இச்சாலையாற் பயனடைந்தோர் யாவர்? நகரவாசிகள் புகையினின்றும் இரைச்சலினின்றும் ஓரளவு விடுபட்டனர். ஆயின் இது சுங்கக் கட்டணச் சாலை. கட்டணத்துக்கு அஞ்சி லொறிகள் நகருக்கே திரும்புமாயின் சாலையின் நோக்கம் சிதையும். மேலும், துறைமுகத்தாற் பிழைத்த கடைத்தெருக்களையும் இப்பாதை கடந்து செல்லவில்லை. பாரம் விலகும்போது வருவாயும் விலகக்கூடும். எனவே ஒரு பாதையின் பெறுமதியை அது மிச்சப்படுத்தும் நேரத்தால் மட்டுமன்றி, அது விட்டுச்செல்லும் ஊரின் நிலையாலும் அளவிடுதலே வரலாற்று மாணவருக்குப் பொருத்தமானதாகும்.