நூடுல்ஸ் வியாபாரியின் கார் தூத்துக்குடிக்கு வந்த கதை

தென்காசிப் பக்கம் ஐடிஐ முடித்த பையன் வேலைக்கென்று பஸ் ஏறினால் ஓசூர், இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர். குற்றாலத்தில் சீசன் காசு சாரலோடு வந்து சாரலோடு போய்விடும். அதை நம்பி வருஷத்தை ஓட்ட முடியாது. இப்போது கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் ஒரு மின்கார் தயாராகிறது. அதற்குப் போட்ட காசின் பூர்வீகமோ உக்ரைன்.

1990களில் கார்கிவ் நகரில் 'மிவினா' என்ற உடனடி நூடுல்ஸ் விற்றுச் சம்பாதித்தவர், ஃபாம் நியட் வுவோங் என்ற வியட்நாம்காரர். அந்தத் தொழிலை நெஸ்லேவுக்கு விற்றுவிட்டார். சொந்த நாட்டில் வின்குரூப் என்ற பெயரில் வீடு, மால், ஹோட்டல் என்று கட்டினார். 2017-ல் வின்ஃபாஸ்ட் தொடங்கினார். முதலில் பெட்ரோல் கார்தான். 2022-ல் அதை நிறுத்திவிட்டு முழுக்க மின்காருக்கு மாறினார். துணிச்சல்தான்; நிறுவனம் இன்னும் லாபம் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வின்ஃபாஸ்ட் தன் காரை முழுதாக இறக்கினால் இந்தியாவில் வரி தாளாது. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் கட்டுப்படியாகும். அதற்குத் துறைமுகம் பக்கத்தில் வேண்டும். தூத்துக்குடி அப்படித்தான் வாய்த்தது. 2024 ஜனவரியில் தமிழக அரசோடு 16,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். பிப்ரவரி 25-ல் அரசின் சிப்காட் தொழிற்பூங்காவில் அடிக்கல். 2025 ஆகஸ்ட் 4-ல் ஆலை திறந்தாயிற்று. விஎஃப் 6, விஎஃப் 7 என்ற கார்கள் அங்கே உருவாகின்றன. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார் என்பது திட்டம். வேலை மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு.

மூவாயிரம்தானா? மின்காரில் எஞ்சின் இல்லை, சைலன்சர் இல்லை, கியர்பாக்ஸும் பழைய மாதிரி இல்லை. பூட்ட வேண்டிய பாகம் குறைந்தால் ஆளும் குறையும். விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கு. அதன் செல்லோ நம் நாட்டு மின்வண்டிகளுக்குப் பெரும்பாலும் கடல் கடந்துதான் வருகிறது. ஆகவே பெரிய ஆலையின் வாசலைவிட, அதற்குச் சரக்கு கொடுக்கும் சின்ன யூனிட்டுகளில்தான் வேலை பெருகும் என்பது என் கணிப்பு.

மின்வண்டிப் பணம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் மென்பொருள் நிறுவனமான சோஹோ, அல்ட்ராவயலட் மின்பைக் நிறுவனத்தில் முதலீடு செய்திருக்கிறது. பைக் தயாராவது என்னவோ பெங்களூரில். மாநில அரசின் 2023 மின்வாகனக் கொள்கை, மின்வாகன நகரங்களாக்க எடுத்துக்கொண்ட ஆறு ஊர்களில் திருநெல்வேலியும் ஒன்று. 2019 நவம்பர் வரை நாமும் அந்த மாவட்டம்தான்.

சின்ன யூனிட் என்றேனே, அதற்கு ஓர் உதாரணம்: காருக்குள் ஓடும் வயர்களை அளந்து கட்டும் ஹார்னஸ் வேலை இன்றும் பெரும்பாலும் கையால்தான் நடக்கிறது. அதில் பெண்களே அதிகம். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பீடி சுற்றும் கைகளுக்கு அந்த நிதானம் ஏற்கெனவே உண்டு. தென்காசி மாவட்டத்து எம்.எல்.ஏ.க்களே, சிப்காட்டிடம் கேட்பதென்றால் முதலில் இப்படி ஒரு யூனிட்டைக் கேளுங்கள்.