சாயம் காட்டிய தழும்பு

உயர்தர வகுப்பில் எமது பாடசாலை ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக இழையங்களைப் பார்த்தோம். படம் கீறிப் பெயரிட்டோம். அந்நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று அன்று நாம் கேட்கவில்லை.

ஊதா தரும் ஈமட்டொக்சிலின் மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து கிடைப்பது. ஸ்பானியர் அதனைத் துணிச் சாயமாகவே ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். 1865இல் போமர் அதனுடன் படிகாரம் சேர்த்துக் கலக் கருக்களைத் தெளிவாக்கினார். 1876இல் இளஞ்சிவப்புச் சாயமான இயோசினும் அதனோடு இணைந்தது. இவ்விரண்டும் கலத்தின் இறப்பைக் காட்டின: கருவின் ஊதா மங்கும், குழியவுருவின் சிவப்பு கடுமையாகும்.

ஆனால் தசையும் தழும்பும் இரண்டுமே இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. எமது சங்கம் இளமையாயிருந்த 1929இல், இன்று எம்மவர் பலர் வாழும் மொன்றியலில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் பியர் மசோன் மூன்று நிறச் சாயமுறையை வெளியிட்டார். அதில் தசை சிவப்பு. தழும்பின் கொலாஜன் நீலம் அல்லது பச்சை.

மாரடைப்பில் இறந்த இதயத்தசை மீள வளர்வதில்லை; அவ்விடத்தை நீலத் தழும்பே நிரப்புகிறது. ஈரல் மீள வளரும். ஆயினும் தொடர்ந்து காயப்பட்டால் அங்கும் நீலப் பட்டிகள் படரும். ஆறியதெல்லாம் பழையபடி ஆனதல்ல என்பதை இச்சாயம் மறைக்காமல் சொல்கிறது. அத்தழும்பே இதயச் சுவர் கிழியாமல் தாங்குகிறது என்பதும் உண்மை.

பார்த்ததை மட்டும் கீறுங்கள் என்று எமக்குக் கற்பித்த ஆசிரியைகளை இவ்வேளை நன்றியுடன் நினைக்கிறோம்.