எலும்புக்குள்ளே எட்டிப் பார்த்த கதை

எலும்பு என்றதும் எங்கட பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது விஞ்ஞான ஆய்வுகூட மூலையில் தொங்குகிற எலும்புக்கூடுதான். காய்ந்தது, வெளிறியது, அசையாதது. உடம்புக்குள் இருக்கிற எலும்பு அப்படியல்ல. அதற்குள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. கல்லுப் போன்ற பகுதிக்குள்ளும் மயிரிழையை விட மெல்லிய கால்வாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருக்கிறது. எலும்புக் கலங்களுக்குச் சாப்பாடு போவதும், கல்சியம் போய் வருவதும், நாங்கள் எடுக்கும் மருந்து எலும்புக்குள் சேர்வதும் அந்தத் திரவம் வழியாகத்தான். உயிரோடு இருக்கும் உடம்பில் அந்தத் திரவத்தை எடுத்து அளந்து பார்க்க மனிதனுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதைத்தான் இன்று எழுத நினைத்தேன்.

நமக்கென்ன என்று கடந்து போக வேண்டாம். சீனி வருத்தத்தில் கால் விரலில் வந்த சின்னப் புண், எலும்பு வரை இறங்கி, கடைசியில் காலையே எடுக்க வேண்டி வந்த ஒருவரையாவது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த எலும்புக்குள் மருந்து போனதா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி.

கதை 1736இல் லண்டனில் தொடங்குகிறது. ஜோன் பெல்ச்சியர் என்ற சத்திர சிகிச்சை வைத்தியர், துணிக்குச் சாயம் அச்சடிக்கும் ஒருவர் வீட்டில் விருந்துக்குப் போயிருந்தார். மேசையில் வைத்த பன்றி இறைச்சியின் எலும்பு சிவப்பாக இருந்தது. விசாரித்தால், சாயத் தொழிலில் மிஞ்சிய மஞ்சிட்டி வகை வேர்ச்சாயம் ஊறிய தவிட்டை அந்தப் பன்றிகள் தின்று வளர்ந்திருக்கின்றன. பெல்ச்சியர் ஒரு சேவலுக்கும் அதே சாயத்தைக் கொடுத்துப் பார்த்தார். அதன் எலும்பும் சிவந்தது. பிறகு பிரான்சில் துஹாமெல் என்பவர் சாயத்தைக் கொஞ்ச நாள் கொடுத்து, கொஞ்ச நாள் நிறுத்தி, மறுபடி கொடுத்தார். எலும்பை வெட்டினால் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக இருந்தது. எலும்பு ஓயாமல் புதிதாகப் படிந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு அதைவிட அழகான சாட்சி எது?

ஆனால் ஒரு குறை. பார்ப்பதென்றால் மிருகத்தை அறுத்தே ஆக வேண்டும். ஒரு மிருகம், ஒரு பார்வை, அவ்வளவுதான். நேற்று எப்படி இருந்தது, நாளை எப்படி மாறும் என்பதை அதே மிருகத்திடம் கேட்க முடியாது. இருநூறு வருடத்துக்கு மேல் இந்த நிலை பெரிதாக மாறவில்லை.

அதை மாற்றியவர்களில் ஒருவர் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த பெர்-இங்வர் பிரோனெமார்க். 1950களில் அவர் முயலின் கால் எலும்புக்குள் டைட்டேனியத்தால் செய்த ஒரு சின்னக் கூட்டைப் பொருத்தினார். உள்ளே எலும்பு மிக மெல்லிய படலமாக வளரும். அதன் ஊடாக வெளிச்சம் பாய்ச்சி, நுணுக்குக்காட்டியால் எலும்பு மச்சையில் இரத்தம் ஓடுவதை நேரடியாகப் பார்க்கலாம். முயல் உயிரோடு இருக்கும். எலும்புக்கு ஒரு ஜன்னல் வைத்தது போல.

வேலை முடிந்ததும், விலை கூடிய சாமான் என்பதால் கூட்டைக் கழற்றி அடுத்த முயலுக்குப் பாவிக்கப் பார்த்தார். கழற்ற முடியவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டிப் போயிருந்தது. (1951இலேயே அமெரிக்காவில் லெவென்தல் என்ற வைத்தியர் எலியின் தொடை எலும்பில் டைட்டேனிய ஆணி பூட்டி, கழற்றும்போது எலும்பே முறிந்ததை எழுதி வைத்திருந்தார். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.) பிரோனெமார்க் விடவில்லை. 1965இல் யோஸ்டா லார்சன் என்ற மனிதரின் தாடை எலும்பில் டைட்டேனிய வேர் நட்டுப் பல் பூட்டினார். லார்சன் 2006இல் இறக்கும் வரை அந்த வேர்கள் அசையவில்லை. இன்று பல் வைத்தியர்கள் இம்பிளான்ட் என்று சொல்வது இந்த முயல்களிடமிருந்து வந்ததுதான்.

ஒரு பக்கக் கதை. டைட்டேனியத்தை 1791இல் முதலில் அடையாளம் கண்டவர் வில்லியம் கிரகர் என்ற பாதிரியார். இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் ஓர் ஓடையில் கிடந்த கறுப்பு மணலில் கண்டார். அது இல்மனைற்று. எங்கட புல்மோட்டைக் கடற்கரையில் குவிந்து கிடப்பதும் அதே சாமான்தான். நாங்கள் அதைப் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றுகிறோம். அது வேறு பதிவுக்கு உரிய கவலை.

ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் திரவத்தை எடுத்து அளக்க முடியாது. அதற்கான வழி எலும்பிலிருந்து வரவில்லை, மூளையிலிருந்து வந்தது. 1966இல் லாஸ்லோ பிட்டோ என்ற ஹங்கேரிய அகதி, அமெரிக்காவில் நாய்களின் மூளைக்குள்ளும் கழுத்துத் தோலுக்கடியிலும் சின்னச் சவ்வுப் பைகளை வைத்தார். பத்து வாரம் கழித்து எடுத்து, உள்ளே ஊறியிருந்ததைப் பகுப்பாய்வு செய்தார். (கண் அழுத்தத்துக்கு இன்று பலர் விடும் லற்றானோபுரொஸ்ட் துளி மருந்துக்குப் பின்னாலும் இவருடைய ஆராய்ச்சிதான் இருக்கிறது.) பை ஒரு தடவைதான் பதில் சொல்லும். 1974இல் ஸ்டொக்ஹோமில் உங்கர்ஸ்டெட் என்பவர் பைக்குப் பதிலாக நூல் போன்ற குழாய் வைத்தார். அது நிறுத்தாமல் பதில் சொன்னது.

கிட்னி நோயாளிக்குச் செய்யும் டயலிசிஸ்தான் இதுவும், ஆனால் ஊசி முனையளவில். குழாயின் நுனியில் ஒரு சவ்வு. உள்ளே ஒரு பம்பி நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலீற்றர் அளவில் திரவத்தை ஓட விடும். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு துளி! வெளியே இருக்கும் சிறிய மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து உள்ளே வரும், அந்தத் துளி சின்னக் குப்பியில் சேரும். இருப்பதெல்லாம் வந்துவிடாது, ஒரு பங்குதான் வரும். எத்தனை பங்கு என்பதை ஒவ்வொரு குழாய்க்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். எலும்பில் இன்னும் சிரமம். துளை போட வேண்டும், துளை போட்டால் இரத்தம் கசியும், சூடேறும். அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். சவ்வோ மிக மெல்லியது.

இதற்கு முன்பு எலும்பில் மருந்து எவ்வளவு என்று பார்க்க, ஒரு துண்டு எலும்பை எடுத்து அரைத்து அளந்தார்கள். அதில் இரத்தமும் கலந்திருக்கும், மருந்தே போகாத கனிமமும் கலந்திருக்கும். வந்த இலக்கத்துக்கு என்ன அர்த்தம்? கிருமி இருக்கும் திரவத்தில் எவ்வளவு என்பதை அது சொல்லவே இல்லை.

டென்மார்க்கின் ஓகுஸ் பல்கலைக்கழகத்தில் இந்தக் குழாயைப் பன்றியின் கால் எலும்பில் வைத்தார்கள். மறுபடியும் பன்றியா என்று முகம் சுளிக்க வேண்டாம். எலும்பு விடயத்தில் அது மனிதனுக்குக் கிட்டவாக இருக்கிறது என்பதுதான் காரணம். வன்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை நாளத்தில் ஏற்றிவிட்டு மணிக்கணக்காக அளந்தார்கள். இரத்தத்தில் மருந்து நிறைய இருக்கும்போது, எலும்பின் கெட்டிப் பகுதியில் அது மெதுவாகத்தான் வந்தது. வந்ததும் குறைவு. இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்பதற்காக எலும்பும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலும்புத் தொற்றுக்கு வைத்தியர்கள் வாரக்கணக்கில் மருந்து தருவதில் எரிச்சல் படுகிறவர்கள் இந்த இடத்தைத் திரும்ப ஒரு தடவை வாசியுங்கள்.

மிருகங்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரோனெமார்க் தன் முயல் ஆய்வேட்டை வெளியிட்ட அதே 1959இல், இங்கிலாந்தில் ரஸ்ஸல், பேர்ச் என்ற இருவர் ஒரு புத்தகம் எழுதினார்கள். மிருகத்துக்குப் பதில் வேறு வழி தேடு, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் முடியாவிட்டால் வேதனையைக் குறை என்பது அதன் சாரம். இந்தக் குழாய் இரண்டாவதைச் செய்தது. முன்பு ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் தனித்தனி மிருகங்களை அறுக்க வேண்டும். இப்போது ஒரே மிருகம் எல்லா மணித்தியாலத்துக்கும் பதில் தருகிறது. ஓகுஸ் பன்றிகள் தொடக்கம் முதல் மயக்கத்திலேயே இருந்தன. மயக்கத்திலேயே முடித்துவிடுவார்கள், கண் விழிப்பதில்லை. இதை இரக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் பழைய கணக்கை விட இது நல்ல கணக்கு.

மனிதர்களும் தங்கள் எலும்பைக் கொடுத்திருக்கிறார்கள். சுவீடனில் 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான பெண்கள் சம்மதித்துத் தங்கள் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் இந்தக் குழாயை வைக்க விட்டார்கள். எலும்பில் பாரம் விழும்போது உள்ளே சுரக்கும் ஓர் இரசாயனம் கூடுவதை அதில் கண்டார்கள். பிறகு ஓகுஸ் குழுவினர், முழங்கால் மாற்றுச் சத்திர சிகிச்சைக்கு வந்த நோயாளிகளிடம் சம்மதம் வாங்கி, அவர்களின் எலும்பில் வன்கோமைசினை அளந்தார்கள். பன்றியில் கண்ட அதே தாமதம் அங்கேயும் இருந்தது.