சிறைப்பட்ட அதிகாரிகளும் தீராத சம்பளக் கணக்கும்: மன்னார், 1795

மன்னார்த் தீவின் கோட்டையை 1658-இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1795 ஒக்டோபர் 5 அன்று அதைப் பிரித்தானியரிடம் இழந்தனர். மன்னாரை நிருவகித்து வந்த யாழ்ப்பாணம் அதற்கு ஒரு வாரம் முன்னரே வீழ்ந்திருந்தது. 1796 பெப்ரவரியில் கொழும்பும் சரணடைந்ததோடு, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரிகள் இலங்கையெங்கும் போர்க்கைதிகளாயினர். கைதியாக இருக்கும் காலத்தில் அவர்களுக்குப் படியளப்பது யார், அதுவரை சேர்ந்திருந்த நிலுவைச் சம்பளத்தைத் தீர்ப்பது யார் என்ற இரு கேள்விகள் அப்போது எழுந்தன.

இரண்டாவது கேள்வியின் கனத்தை உணரக் கம்பெனியின் கணக்கு முறையை அறிய வேண்டும். கப்பலேறிய ஒவ்வொருவர் பெயரிலும் சம்பளப் பேரேட்டில் ஒரு கணக்கு திறக்கப்பட்டது. அதில் மாதச் சம்பளம் ஒரு பக்கம் வரவாக ஏறிவர, பெட்டிக்கும் உடுப்புக்கும் கொடுத்த முன்பணம், பட்ட கடன், ஊரிலிருக்கும் மனைவிக்கோ பெற்றோருக்கோ ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம் வரை கிடைக்கச் செய்யும் மாதச்சீட்டு ஆகியவை மறுபக்கம் கழிக்கப்பட்டன. ஆசியாவில் ஒரு பகுதியே கைக்கு வந்தது. மீதி, ஊர் திரும்பியவருக்கோ இறந்தவரின் வாரிசுக்கோ நெதர்லாந்திலுள்ள கம்பெனி அலுவலகத்தில் தீர்க்கப்பட்டது. ஆகவே மன்னாரில் காவலிருந்த ஒருவரின் உழைப்பின் பெரும்பகுதி, அவர் கண்ணால் காணாத ஏட்டில் வெறும் எண்ணாகவே கிடந்தது.

முதற் கேள்விக்கு ஒருவாறு விடை கிடைத்தது. தப்பியோடுவதில்லை, மீண்டும் ஆயுதம் ஏந்துவதில்லை என வாக்களித்து வெளியே வாழ்ந்த அதிகாரிகளுக்குப் பிரித்தானியர் பிழைப்புப்படி வழங்கினர். அது உயிர் வாழ உதவியதேயன்றி நிலுவையைத் தொடவில்லை. கம்பெனிக்காகக் கொழும்பைக் காத்துநின்ற சுவிஸ் டி மியூரோன் படைப்பிரிவின் கதை வேறு: அதன் உரிமையாளரான பிரபுவோடு பிரித்தானியரின் முகவர் ஹியூ கிளெகோர்ன் 1795 மார்ச்சில் செய்த உடன்படிக்கையால், அப்படை பிரித்தானியப் படைக்கு நிகரான சம்பளத்தோடு அணி மாறியது. பழைய எசமானுக்கு உண்மையாக நின்றவர்களே நட்டப்பட்டார்கள் என்பது வருந்தத்தக்கது.

இந்த அவலத்தைக் கூர்மையாக்கியதில் மன்னார்க் கடலுக்கும் பங்குண்டு. 1768-க்குப் பின் ஒல்லாந்தர் ஆட்சியில் முத்துக்குளிப்பு நடைபெறாத அரிப்பு, சிலாபத்துறைக் கடலின் முத்துச்சிப்பிப் பார்களில் 1796 முதல் மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துக் குளிப்பு நடந்து, பெரும் வருவாய் பிரித்தானியரைச் சேர்ந்தது. பழைய காவலர்கள் படிக்குக் கையேந்தி நின்ற ஆண்டுகளும் அவையே.

கொழும்பு வீழ்ந்த இரண்டே வாரத்தில், 1796 மார்ச் 1 அன்று, நிலுவையைத் தீர்க்க வேண்டிய கம்பெனியின் இயக்குநர் சபை அகற்றப்பட்டு நெதர்லாந்து அரசின் குழுவொன்று பொறுப்பேற்றது. 1799 இறுதியில் கம்பெனியே முடிவுற்றது. 1802-இன் அமியான் உடன்படிக்கை இலங்கையைப் பிரித்தானியருக்கே விட்டுக்கொடுத்ததும், தீவு மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வரும் என்று காத்திருந்தோரின் நம்பிக்கை அற்றது.

மன்னாரில் எழுந்த இரு கேள்விகளுக்கும் பன்னாட்டுச் சட்டம் விடை தந்தது மிகப் பின்னரே. சிறைப்பிடித்த நாடு தன் படையின் அதே தர அதிகாரிக்குரிய சம்பளத்தைக் கைதிக்கும் வழங்கி, அதைக் கைதியின் அரசிடம் பெற்றுக்கொள்ள வேண்டும் என 1907-இன் ஹேக் விதிகள் வகுத்தன. 1949-இன் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, சிறை முடியும்போது கைதிக்குச் சேரவேண்டிய மீதியைக் காட்டும் கையொப்பமிட்ட கணக்கறிக்கையை அவரிடம் கொடுக்கவும், அந்த மீதியை அவருடைய சொந்த அரசே தீர்க்கவும் கட்டளையிட்டது.