வாத்தியார் தொண்டையும் சட்டாம்பிள்ளையும்

அறுபது பிள்ளைங்க இருக்கிற வகுப்புல கத்தாம எப்படிப் பாடம் நடத்துறது? இந்தக் கேள்விக்கு சென்னையிலேயே ஒரு பழைய பதில் இருக்கு.

திண்ணைப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் நாள் முழுக்கக் கத்திக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. சட்டாம்பிள்ளை சொல்லுவான், மத்தவங்க சேர்ந்து திருப்பிச் சொல்லுவாங்க, மணல்ல எழுதுவாங்க. 1789-ல் எழும்பூர் ராணுவ அனாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்து பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பைக் கொடுத்தார். பையன் நடத்திக் காட்டிட்டான்!

இதை பெல் 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அதே ஊரில் ஜோசப் லங்காஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரே கூடத்துல பல நூறு பிள்ளைங்க, ஒரே ஆசிரியர். 'சிலேட்டைக் காட்டு'ன்னு கத்தறதுக்குப் பதிலா, பலகையில ரெண்டு எழுத்தைத் தூக்கிக் காட்டினா போதும். எங்க பாஷையில இது லோட் பேலன்சிங்.

கட்டளைக்குக் குரலை வீணாக்காதது புத்திசாலித்தனம்தான். ஆனா அந்த மிச்சமான குரல் எங்கே போச்சு? பாடத்தை விளக்கவும் அது பெருசா வரலை. சொல்லிக்கொடுத்த சின்னப் பையனுக்குத் தெரிஞ்சது, அவனுக்குச் சொல்லப்பட்ட பாடம் மட்டும்தான். ஒரு பிள்ளை 'ஏன்?'னு கேட்டா, அவனும் ஆசிரியர் மேடையைத்தான் திரும்பிப் பார்த்திருக்கணும்.